தமிழ்நாட்டில் பசுமைப் புரட்சி

தமிழ்நாட்டில் பசுமைப் புரட்சி என்பது 1960களின் நடுப்பகுதி முதல் 1980கள் வரை தமிழ்நாட்டு வேளாண்மையில், குறிப்பாக நெல் சாகுபடியில், ஏற்பட்ட பெரும் மாற்றங்களைக் குறிக்கும். குட்டையான, உயர் விளைச்சல் தரும் நெல் இனங்கள், வேதியியல் உரங்கள், பூச்சிக்கொல்லிகள், மின் இறைப்பிகள், அரசின் நெல் கொள்முதல் ஆகியவை ஒன்றாக இணைந்து செயல்பட்டதே இம்மாற்றத்தின் அடிப்படையாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவில் உருவான வேளாண் முறை இதற்கு ஒரு முன்மாதிரியாக அமைந்தது. எனினும் அம்முறை இங்கு அப்படியே பின்பற்றப்படவில்லை. நிலம் குறைவாகவும் உழைப்பாளர் மிகுதியாகவும் உள்ள நாட்டுக்கு ஏற்ப அது மாற்றியமைக்கப்பட்டது.

இதனால் உணவுக்காக வெளிநாட்டுக் கப்பல்களை எதிர்பார்த்திருந்த நிலை நீங்கியது. அதே வேளையில் நிலத்தடி நீர் குறைவு, மரபு நெல் இனங்களின் இழப்பு, கூலி தொடர்பான மோதல்கள் ஆகியவையும் இக்காலத்துடன் தொடர்புடையவை. ஆகவே பசுமைப் புரட்சியின் விளைவுகள் இன்றும் விவாதத்துக்கு உரியவையாக உள்ளன.

பெயர்

'பசுமைப் புரட்சி' என்ற சொற்றொடரை 1968 மார்ச் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் தலைவராக இருந்த வில்லியம் காட் ஓர் உரையில் பயன்படுத்தினார். சோவியத் ஒன்றியத்தின் சிவப்புப் புரட்சியிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே அவர் இப்பெயரைத் தேர்ந்தார். எனவே இப்பெயரில் தொடக்கத்திலிருந்தே பனிப்போர்க் கால அரசியல் கலந்திருந்தது. அதே ஆண்டில் இந்திய அரசு 'கோதுமைப் புரட்சி' என்ற பெயரில் ஓர் அஞ்சல் தலையை வெளியிட்டது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. 1943இல் வங்காளத்தில் ஏற்பட்ட பஞ்சத்தில் பல லட்சம் மக்கள் இறந்தனர். சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குடும்ப அட்டையும் பங்கீட்டுக் கடையும் நகர வாழ்க்கையின் ஒரு பகுதியாயின. 1952இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற சி. இராசகோபாலாச்சாரி சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். எனினும் உற்பத்திப் பற்றாக்குறை நீங்கவில்லை.

விடுதலைக்குப் பிந்தைய முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் உணவு உற்பத்தி பெருமளவுக்குச் சாகுபடிப் பரப்பு கூடியதாலேயே உயர்ந்தது. புதிய அணைகள் கட்டப்பட்டன. தரிசு நிலங்கள் உழப்பட்டன. ஆனால் ஒரு ஏக்கரில் கிடைத்த விளைச்சல் மெதுவாகவே கூடியது. காவிரிப் படுகை போன்ற பகுதிகளில் மேலும் உழுவதற்குப் புதிய நிலம் இல்லை. எனவே இருக்கும் நிலத்திலேயே கூடுதலாக விளைவிப்பது ஒன்றே வழியாக இருந்தது.

ஐக்கிய அமெரிக்க வேளாண்மையும் பி.எல். 480 சட்டமும்

1940இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 60 லட்சம் பண்ணைகள் இருந்தன. 1970இல் இவ்வெண்ணிக்கை 30 லட்சத்துக்கும் கீழே சென்றது. ஆனால் இதே காலத்தில் அந்நாட்டின் விளைச்சல் பன்மடங்கு பெருகியது. இதற்கான முதன்மைக் காரணங்கள் பின்வருமாறு:

* குதிரைகளுக்குப் பதிலாக டிராக்டர்கள் வந்தன. அதனால் குதிரைத் தீவனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த நிலமும் விற்பனைப் பயிர்களுக்குக் கிடைத்தது.
* கலப்பின மக்காச்சோளம் பரவியது.
* போர்க்காலத்தில் வெடிமருந்துக்காக அமைக்கப்பட்ட அமோனியா ஆலைகள் போருக்குப் பின் உரம் தயாரித்தன. தழைச்சத்து உரம் மலிவானது.
* அரசு விளைபொருளுக்கு ஆதரவு விலை வழங்கியது. மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் ஆய்வு, கல்வி, விரிவாக்கப் பணி ஆகிய மூன்றையும் ஒருங்கே மேற்கொண்டன.

இதன் விளைவாக அந்நாட்டின் கிடங்குகளில் கோதுமை குவிந்தது. அவ்வுபரியைப் பிற நாடுகளுக்கு வழங்க 1954இல் பொதுச் சட்டம் 480 இயற்றப்பட்டது. இதுவே சுருக்கமாகப் பி.எல். 480 எனப்பட்டது. இந்தியா 1956இல் இச்சட்டத்தின் கீழ் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இறக்குமதிக்கு டாலருக்குப் பதிலாக ரூபாயில் பணம் செலுத்தலாம் என்பது இதன் சிறப்பு ஆகும்.

அரிசி உண்ணும் தமிழ்நாட்டுக்கும் இக்கோதுமை பங்கீட்டுக் கடைகள் வழியாக வந்தது. 1960களில் கேர் என்ற தொண்டு நிறுவனம் வழங்கிய அமெரிக்கப் பால் தூள் முதலிய பொருட்கள் பள்ளி மதிய உணவுத் திட்டத்திலும் பயன்பட்டன. இந்தியாவில் சேர்ந்த ரூபாய் நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்காக இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உள்ள தமிழ் நூல் தொகுப்புகள் பல இவ்வாறு உருவானவையே. 1974இல் எஞ்சிய தொகையில் ரூ. 1,664 கோடியை ஐக்கிய அமெரிக்கா ஒரே காசோலையாக இந்திய அரசுக்குத் திருப்பி அளித்தது.

இவ்வுதவிக்கு ஓர் அரசியல் விலையும் இருந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சில மாதங்களுக்குத் தேவையான தானியத்தை மட்டும் அவ்வப்போது அனுமதித்தார். கப்பல் வந்தால்தான் கடையில் தானியம் என்ற நிலை உருவானது. 1966இல் மட்டும் இந்தியா ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது.

தஞ்சாவூரில் தீவிர வேளாண்மைத் திட்டம்

1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி ஓர் அறிக்கை அளித்தது. நாடு முழுவதும் சிறிது சிறிதாகச் செலவிடுவதைக் காட்டிலும், நீர்வளமும் வாய்ப்பும் மிகுந்த மாவட்டங்களில் விதை, உரம், கடன், அறிவுரை ஆகிய அனைத்தையும் ஒன்றாக வழங்க வேண்டும் என்பதே இதன் மையக் கருத்து. இதன்படி 1960-61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் ஏழு மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. சென்னை மாநிலத்தில் தஞ்சாவூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏனையவை மேற்கு கோதாவரி, சாகாபாத், ராய்ப்பூர், அலிகார், லூதியானா, பாலி ஆகியவை ஆகும்.

தஞ்சாவூரில் 1934 முதல் மேட்டூர் அணையின் நீர் கிடைத்து வந்தது. அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. உரத்தைக் கூடுதலாக இட்டபோது அன்றைய நெல் இனங்கள் அதைத் தாங்கவில்லை. உரமும் கடனும் இருந்தும் அவற்றுக்கு ஏற்ற விதை இல்லாததே குறை என்பது இதனால் தெளிவாயிற்று.

கொள்கை மாற்றம், 1964-1967

1964 ஜூன் மாதம் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண்மைத் துறை அமைச்சரானார். இவர் 1910இல் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் பின்னர் சட்டமும் பயின்றவர். சென்னை மாநிலத்தில் நிதி, கல்வித் துறைகளின் அமைச்சராக இருந்தவர்.

இவரது பதவிக் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட முக்கிய நடவடிக்கைகள் பின்வருமாறு:

* 1965 ஜனவரியில் வேளாண் விலைக் குழு அமைக்கப்பட்டது. விளைச்சலைக் கூட்டிய விவசாயி விலை வீழ்ச்சியால் நட்டமடையாதிருக்க ஆதரவு விலை தேவை எனக் கருதப்பட்டது.
* பொங்கலை ஒட்டி 1965 ஜனவரி 14இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. இதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.
* இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் சீரமைக்கப்பட்டு, அறிவியலாளர் ஒருவரே அதன் தலைமை இயக்குநராக அமர்த்தப்பட்டார். பி. பி. பால் அப்பொறுப்பை முதலில் ஏற்றார்.
* 1966இல் மெக்சிக்கோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது.

இக்கொள்கைக்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. அன்றைய நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, உர இறக்குமதிக்காக அன்னியச் செலாவணியைச் செலவிடுவதை ஏற்கவில்லை. இவரும் சென்னையைச் சேர்ந்தவரே. ஆழ்வார்பேட்டை வழியே செல்லும் டி.டி.கே. சாலை இவர் பெயரைத் தாங்கியுள்ளது. இடதுசாரிகள் இத்திட்டம் அமெரிக்க நிறுவனங்களைச் சார்ந்திருக்கச் செய்யும் என்றனர். நீர்வளம் உள்ள பகுதிகளும் வசதி படைத்த விவசாயிகளும் மட்டுமே பயனடைவர் என்பது மற்றொரு எதிர்வாதம். சுப்பிரமணியம் தில்லியில் தம் அரசு இல்லத்தின் புல்வெளியையே உழுது புதிய கோதுமையைப் பயிரிட்டார்.

1965 நவம்பரில் ரோம் நகரில் சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண்மைச் செயலாளர் ஓர்வில் ஃப்ரீமனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். இந்தியா வேளாண்மைக்குக் கூடுதல் நிதி ஒதுக்க ஒப்புக்கொண்டது. இந்நிலையில் 1965, 1966 ஆகிய இரு ஆண்டுகளும் மழை பொய்த்தது. 1964-65இல் 8.9 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 1965-66இல் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. புதிய விதைகள் பரவிய பின் 1970-71இல் அது 10.8 கோடி டன்னை எட்டியது.

இம்முயற்சியின் அறிவியல் பக்கத்தில் முதன்மையானவர் 1925இல் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் ஆவார். இந்திய வேளாண் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய இவரது முயற்சியால் 1963இல் அமெரிக்க வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக் இந்தியாவுக்கு வந்தார். போர்லாக் பயன்படுத்திய குட்டை மரபணு சப்பானின் நோரின் 10 என்ற கோதுமையிலிருந்து வந்தது. போருக்குப் பின் 1946இல் அமெரிக்கர் ஒருவரால் சப்பானிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அவ்விதை வாசிங்டன் மாநிலம், மெக்சிக்கோ வழியாக இந்தியாவை அடைந்தது. போர்லாக்குக்கு 1970இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புதிய நெல் இனங்கள்

குட்டை இனங்களின் இயல்பு

மரபு நெல் இனங்கள் பெரும்பாலும் உயரமானவை. தழைச்சத்து மிகுந்தால் அவை மேலும் உயர்ந்து, கதிர் முற்றும் வேளையில் காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் மணி பதராகும், அல்லது நீரில் முளைத்துவிடும். குட்டை இனங்களின் தண்டு குறுகியது, உறுதியானது. எனவே கூடுதல் உரம் வைக்கோலாகாமல் மணியாக மாறியது.

இரண்டாவது வேறுபாடு காலம் பற்றியது. பல சம்பா இனங்கள் பகற்பொழுது குறையும் பருவத்தில் மட்டுமே பூக்கும். அவை வயலில் ஐந்து, ஆறு மாதங்கள் நிற்கும். புதிய இனங்கள் பல பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் குறித்த நாளில் பூத்தன. இதனால் ஒரே வயலில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று போகம் எடுக்க முடிந்தது.

ஆடுதுறை 27

தமிழ்நாட்டின் நெல் ஆய்வு பசுமைப் புரட்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் நெல் ஆய்வு நிலையம் 1912இலும் ஆடுதுறை நிலையம் 1922இலும் நிறுவப்பட்டன. கோயம்புத்தூரில் 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 என்ற இனம் உலகின் பல நெல் இனங்களுக்கு மூதாதை ஆகும்.

1950களில் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆய்வு நிலையத்தில் இந்திய நெல் வகைகளையும் சப்பானிய நெல் வகைகளையும் இணைக்கும் திட்டம் நடைபெற்றது. சுவாமிநாதனும் 1954இல் அதில் பணியாற்றினார். அத்திட்டத்தின் வழியே ஜி.இ.பி. 24, நோரின் 10 ஆகியவற்றை இணைத்து ஆடுதுறை 27 என்ற இனம் உருவாக்கப்பட்டு 1965இல் வெளியிடப்பட்டது. இங்கு குறிப்பிடப்படும் நோரின் 10 ஒரு நெல் இனம். முன்னர்க் கூறிய நோரின் 10 கோதுமை வேறு. சப்பானிய மொழியில் 'நோரின்' என்பது வேளாண்மை, வனத்துறைகளைக் குறிக்கும் பெயர் ஆகும்.

ஏறத்தாழ 105 நாட்களில் விளையும் ஆடுதுறை 27, தஞ்சாவூர் மாவட்டக் குறுவைக்குப் பொருத்தமாக அமைந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் இதன் சாகுபடி முறையை நாள்தோறும் எடுத்துரைத்தது. விவசாயிகள் இதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

இவ்வெற்றி ஒரு புதிய சிக்கலைத் தந்தது. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தில் வந்தது. முன்பு களத்து வெயிலில் காய்ந்த நெல் இப்போது ஈரத்துடன் குவிந்து முளைத்தது. ஈர நெல்லைப் பதப்படுத்தும் வழிகளை ஆராய 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்குகிறது.

ஐஆர் 8

ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகள் 1960இல் பிலிப்பைன்சில் பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தை அமைத்தன. இந்தோனேசியாவின் பேட்டா, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் ஆகிய இனங்களை இணைத்து அங்கு உருவான ஐஆர் 8, 1966 நவம்பரில் வெளியிடப்பட்டது. தென்னார்க்காடு மாவட்ட விவசாயி ஒருவர் இந்நெல்லின் விளைச்சலில் மகிழ்ந்து தம் மகனுக்கு 'ஐஆர் எட்டு' என்றே பெயர் சூட்டினார்.

ஆயினும் இந்நெல்லுக்குக் குறைகளும் இருந்தன. அரிசி தடித்தது; அரைக்கும்போது எளிதில் உடைந்தது; சோறு சுவையாக இல்லை. வைக்கோல் குறைந்ததால் மாட்டுத் தீவனமும் குறைந்தது. பூச்சி, நோய்த் தாக்குதலும் மிகுதியாக இருந்தது. இக்குறைகளைக் களைய ஐஆர் 20, ஐஆர் 36, ஐஆர் 50, ஆடுதுறை 36 முதலிய இனங்கள் பின்னர் வந்தன. கட்டாக் திட்டத்தில் தோன்றி மலேசியாவில் நிலைபெற்ற மசூரியின் வழிவந்த பொன்னி, சுவை காரணமாக நகர மக்களிடம் பெரும் வரவேற்பைப் பெற்றது.

நீர், மின்சாரம், உரம், இயந்திரம்

புதிய இனங்களுக்கு உரிய நாளில் நீர் தேவை. ஆற்றுப் பாசனம் இல்லாத வட ஆர்க்காடு, கோயம்புத்தூர் போன்ற மாவட்டங்களில் கிணறும் மின் இறைப்பியும் இதனைச் சாத்தியமாக்கின. கிராம மின்மயமாக்கலில் தமிழ்நாடு முன்னணியில் இருந்ததே இதற்குக் காரணம். மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினர். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990களின் தொடக்கம் முதல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் தமிழ்நாட்டில் உள்ளன.

உரத் துறையில் அமெரிக்க நிறுவனங்களின் பங்கு நேரடியானது. சென்னை மணலியில் உள்ள மெட்ராஸ் உர நிறுவனம் 1966 டிசம்பரில் இந்திய அரசும் அமெரிக்காவின் அமோக்கோ நிறுவனமும் இணைந்து தொடங்கியதாகும். அங்கு 1971இல் உற்பத்தி தொடங்கியது. தென்னகப் பெட்ரோ இரசாயன நிறுவனம் 1969இல் உருவாகித் தூத்துக்குடியில் ஆலை அமைத்தது.

சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் டிராக்டர்களைத் தயாரித்தது. எனினும் அமெரிக்காவைப் போல டிராக்டர் இங்கு முதலிடம் பெறவில்லை. நடவும் களையெடுப்பும் பெண்களின் கைகளாலேயே நடந்தன. அமெரிக்க முறை ஆள் தேவையைக் குறைத்து வளர்ந்தது. தமிழ்நாட்டில் விதையும் நீரும் உரமும் ஒரு ஏக்கருக்கான ஆள் தேவையைத் தொடக்கத்தில் கூட்டவே செய்தன.

அரசியல் விளைவுகள்

அரிசித் தட்டுப்பாடு 1967ஆம் ஆண்டுத் தேர்தலின் முக்கியப் பிரச்சினைகளுள் ஒன்றாக இருந்தது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்துடன், ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற திராவிட முன்னேற்றக் கழகத்தின் வாக்குறுதியும் மக்களை ஈர்த்தது. காங்கிரசு ஆட்சியை இழந்தது. புதிய வேளாண் கொள்கையை வகுத்த சி. சுப்பிரமணியமும் அத்தேர்தலில் தோல்வியுற்றார். அவர் விதைத்ததன் பலன் தெரியத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

முதலமைச்சர் சி. என். அண்ணாதுரையின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நடைமுறைப்படுத்தியது. நிதிச்சுமையால் அதனை மாநிலம் முழுவதும் விரிவாக்க இயலவில்லை. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிறுவப்பட்டது. டெல்டா மாவட்டங்களின் கொள்முதலும் நகரங்களின் நியாயவிலைக் கடைகளும் இதன் மூலம் இணைக்கப்பட்டன. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. உற்பத்தி பெருகியிராவிடில் இத்தகைய பொது வழங்கல் முறை சாத்தியமாகியிருக்காது.

சமூக விளைவுகள்

தஞ்சாவூர் மாவட்டத்தில் நிலம் ஒரு சிலரிடம் குவிந்திருந்தது. மிராசுதாரர்களில் பலர் கல்வி, பணி காரணமாக மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற சென்னைப் பகுதிகளில் குடியேறியிருந்தனர். அவர்களது நிலத்தைக் குத்தகைதாரர்களும் கூலித் தொழிலாளர்களும் பயிரிட்டனர். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் இந்நிலையைச் சீரமைக்க முயன்றன. 30 தர ஏக்கராக இருந்த உச்சவரம்பு 1970இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

விளைச்சல் கூடியபோது, அதில் தமக்குரிய பங்கு என்ன என்ற கேள்வியைத் தொழிலாளர்கள் எழுப்பினர். கூடுதல் நெல் கூலி கேட்டுத் தொழிலாளர் சங்கங்கள் போராடின. நில உடைமையாளர்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்ய முயன்றனர். இம்மோதலின் உச்சமாக 1968 டிசம்பர் 25 இரவு நாகப்பட்டினத்துக்கு அருகிலுள்ள கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தவர்கள் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். சாதி ஒடுக்குமுறை, நில உடைமை, கூலி ஆகிய மூன்றும் இப்படுகொலையில் பிணைந்திருந்தன. எனவே இதனைப் பசுமைப் புரட்சியின் விளைவு என மட்டும் கூறுவது பொருந்தாது. எனினும் விளைச்சல் பெருகிய அதே மண்ணில், அதே ஆண்டுகளில் இது நிகழ்ந்தது என்பதும் உண்மை. 1969இல் தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது.

ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க அரசியல் அறிஞர் பிரான்சின் பிராங்கெல் 1971இல் வெளியிட்ட நூலில், தஞ்சாவூர் உள்ளிட்ட மாவட்டங்களில் பலன் ஏற்றத்தாழ்வாகப் பகிரப்பட்டதைச் சுட்டினார். 1973-74இல் வட ஆர்க்காட்டில் ஆய்வு செய்த கேம்பிரிட்ஜ் குழு, புதிய இனங்கள் குறைவாகவே பரவியிருந்ததைக் கண்டது. அதே மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் மறு ஆய்வு நடத்திய பீட்டர் ஹேசல், சி. ராமசாமி ஆகியோரின் முடிவுகள் 1991இல் வெளியாயின. அதற்குள் சிறு விவசாயிகளும் புதிய இனங்களுக்கு மாறியிருந்தனர் என்றும், நிலமற்றோரின் வருமானமும் உயர்ந்திருந்தது என்றும் அவர்கள் கூறினர்.

சூழல் விளைவுகள்

1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், பசுமைப் புரட்சி தொடங்கிய வேளையிலேயே, சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்வது, பூச்சிக்கொல்லிகளை வரம்பின்றித் தெளிப்பது, நிலத்தடி நீரை அளவின்றி இறைப்பது, பல உள்ளூர் இனங்களை விட்டு ஓரிரு இனங்களை மட்டும் பயிரிடுவது ஆகியவை பெருங்கேட்டில் முடியும் என்றார். அவர் குறிப்பிட்டவற்றுள் பல பின்னர் நிகழ்ந்தன.

* நிலத்தடி நீர்: கிணறுகள் வற்றியதால் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. இலவச மின்சாரம் இப்போக்கை விரைவாக்கியது. ஆழமாகத் தோண்டப் பணமில்லாத சிறு விவசாயிகளே முதலில் பாதிக்கப்பட்டனர்.
* பூச்சிகள்: ஒரே இனம் பரந்த நிலத்தில் தொடர்ந்து பயிரிடப்பட்டதால் புகையான் போன்ற பூச்சிகள் பெருகின. பூச்சிக்கொல்லி நன்மை செய்யும் பூச்சிகளையும் அழித்தது.
* மரபு இனங்கள்: மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், கருப்புக்கவுனி முதலியன வயல்களிலிருந்து பெருமளவு மறைந்தன. வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் பண்புகள் இவற்றுள் பலவற்றில் இருந்தன.
* சிறுதானியங்கள்: மலிவான அரிசி கிடைத்ததால் கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றின் பரப்பும் நுகர்வும் குறைந்தன.

இதற்கு மாற்றாக இயற்கை வேளாண்மையை முன்வைத்தவர்களுள் கோ. நம்மாழ்வார் (1938-2013) குறிப்பிடத்தக்கவர். இவர் கோவில்பட்டி ஆய்வு நிலையத்தில் பணியாற்றி, அங்குள்ள முறைகளில் நம்பிக்கை இழந்து விலகியவர். திருத்துறைப்பூண்டி பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் (இறப்பு 2018) ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட மரபு இனங்களை மீட்டுப் பரப்பினார்.

சென்னையில் உள்ள நிறுவனங்கள்

வயல்கள் தொலைவில் இருப்பினும், இம்மாற்றம் பற்றிய ஆய்வும் விவாதமும் தென் சென்னையை மையமாகக் கொண்டுள்ளன. 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி சைதாப்பேட்டையில்தான் அமைந்திருந்தது. அது 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

* எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், தரமணி: சுவாமிநாதன் 1987இல் பெற்ற முதலாவது உலக உணவுப் பரிசைத் தொடர்ந்து 1988இல் நிறுவினார். சூழலைக் கெடுக்காமல் விளைச்சலைக் கூட்டும் 'நிலைத்த பசுமைப் புரட்சி' இதன் நோக்கம். கொல்லிமலைச் சிறுதானியங்கள், கடலோர அலையாத்திக் காடுகள் ஆகியவை பற்றிய இதன் பணிகள் அறியப்பட்டவை.
* தேசிய வேளாண் நிறுவனம், தரமணி: சி. சுப்பிரமணியம் தம் வாழ்வின் இறுதி ஆண்டான 2000இல் தொடங்கியது. சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி அளிக்கிறது.
* சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், அடையாறு காந்தி நகர்: மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவினார். இதன் இயக்குநராக இருந்த சி. டி. குரியன், 1950-1975 காலத் தமிழ்நாட்டு ஊரக மாற்றம் பற்றிய நூலை 1981இல் வெளியிட்டார். உற்பத்தி உயர்ந்தும் ஊரக வறுமை நீங்காததை அது ஆராய்ந்தது.
* இந்திய அறிவு மரபுகள் மையம், கோட்டூர்புரம்: 1995இல் தொடங்கப்பட்டது. மரபு நெல் விதைகளைச் சேகரித்து விவசாயிகளுக்கு வழங்குகிறது.

பசுமைப் புரட்சியை முன்னெடுத்தவர்களின் நிறுவனங்களும் அதன் குறைகளை ஆராய்பவர்களின் நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

மதிப்பீடும் இன்றைய நிலையும்

1960களின் நடுவில் தமிழ்நாட்டில் ஒரு ஹெக்டேரில் ஏறத்தாழ ஒன்றரை டன் அரிசி கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் இது ஏறத்தாழ மூன்று டன்னாக உயர்ந்தது. மக்கள்தொகை பெருகியபோதும் பஞ்சம் ஏற்படாததற்கு இதுவே முதன்மைக் காரணம். காடுகளை அழித்துப் புதிய வயல்களை உருவாக்கும் தேவையையும் இது குறைத்தது எனலாம்.

மறுபுறம், விதை, உரம், பூச்சிக்கொல்லி ஆகிய அனைத்தையும் விலைக்கு வாங்கும் நிலைக்கு விவசாயி வந்தார். இடுபொருள் செலவு உயர்ந்த அளவுக்கு நெல்லின் விலை உயரவில்லை. சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுடன் குறைந்தது 50 விழுக்காடு கூட்டி ஆதரவு விலை வழங்கப் பரிந்துரைத்தது. இக்கோரிக்கை இன்றும் விவசாயிகளின் போராட்டங்களில் ஒலிக்கிறது.

காவிரி நீர்ப் பகிர்வுச் சிக்கல் காரணமாகக் குறுவைப் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுபடுகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2020இல் காவிரி டெல்டா பகுதி சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்பட்டது. குறைந்த நீரில் விளையும் திருந்திய நெல் சாகுபடி முறை ஊக்குவிக்கப்படுகிறது. நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைக்காததால் இயந்திரங்கள் இப்போது பரவலாகிவிட்டன.

சி. சுப்பிரமணியம் 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். 2000 நவம்பர் 7இல் சென்னையில் காலமானார். எம். எஸ். சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28இல் சென்னையில் காலமானார். அவருக்கு 2024இல் இவ்விருது அறிவிக்கப்பட்டது.